போன் வாங்கும் முன் எட்டு எண்கள்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் மாலை நேரக் கூட்டத்தில் பேசிய பேச்சு. பேசியவர் மும்பையில் தொலைபேசி லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

 

பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இட்லிக் கூடை சுமந்தவர்கள் இருக்கிறீர்கள். தோல் பட்டறையில் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். தையல் மிஷினை மிதித்தவர்கள் இருக்கிறீர்கள். அதனால் நான் சுற்றி வளைக்க மாட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் எத்தனை பேரிடம் போன் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். ஏறக்குறைய எல்லாரும் தூக்கிவிட்டீர்கள்.

இன்னொரு கேள்வி. வெளிநாட்டில் இருந்து வந்தவரிடம் போன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? பழைய போனைக் கைமாற்றி வாங்கியவர்கள் எத்தனை பேர்? இதற்கும் பத்துப் பன்னிரண்டு கை தெரிகிறது.

அந்தக் கைகளில் என் கையும் ஒன்று. நான் ஏமாந்த கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

கம்பி தெரியும், காற்று தெரியாது

நான் 31 வருடம் லைன்மேனாக இருந்தேன். கம்பம் ஏறினேன். குழி தோண்டி கேபிள் போட்டேன். மழையில் நனைந்துகொண்டே அறுந்த கம்பியை முறுக்கினேன். எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

இந்தியாவில் செல்போன் பேச்சு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி தொடங்கியது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் நாங்கள் லைன்மேன்கள் கூடிச் சிரித்தோம். "கம்பி இல்லாமல் பேசுவதாம்! நாலு நாள் கூத்து" என்றோம். நாலு நாளில் போனது கூத்து இல்லை, எங்கள் கம்பிதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு 2019ஆம் ஆண்டு இது நடந்தது. என் தங்கை வீட்டு வேலை செய்கிறவள். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து, மாதாமாதம் சீட்டுக் கட்டி, 9,000 ரூபாய் சேர்த்திருந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் வெளியூரில் வேலை. "அண்ணே, ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுங்க. மாப்பிள்ளை முகம் பார்த்துப் பேசட்டும்" என்று பணத்தை என் கையில் கொடுத்தாள்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர். அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கியது என்று ஒரு போனைக் காட்டினார். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கடையில் அதே பெயர் போன் 15,000 ரூபாய். இவர் 9,000 சொன்னார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பூட்டுப் போட்ட போனா?"

"இல்லை அண்ணாச்சி, பூட்டு இல்லாதது. எந்த சிம் வேண்டுமானாலும் போடலாம்" என்றார்.

சிம்மைப் போட்டுக் காட்டினார். ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. வாங்கி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பூட்டு இல்லைதான். ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வியில் பாதியைத்தான் கேட்டிருந்தேன்.

அந்த மழை இரவு

இரண்டு வாரம் ஓடியது. தங்கை ஒருநாள் சொன்னாள். "அண்ணே, படம் வருது, பேச்சு வரலையே. யாராவது கூப்பிட்டா, தொடர்பு கிடைக்கலைன்னு சொல்லுதாம்."

நான் பெரிய ஆள் மாதிரிப் பதில் சொன்னேன். "மழைக்காலம். டவர் சரியிருக்காது. சரியாயிரும்."

அந்த ஜூலை மாதத்தில் ஒருநாள் இரவு 2 மணி. வெளியே கொட்டும் மழை. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. எங்கள் சந்துக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் இருந்தார். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவார். அவரிடம் பழைய பட்டன் போன். படம் பார்த்துப் பேசுகிற வசதி எல்லாம் கிடையாது. நம்பரைப் போட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

தங்கை நம்பரைப் போட்டாள். மணி அடிக்கவில்லை. கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி கட்டாகிவிட்டது. எனக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை. ஒன்பது தடவை போட்டதாகச் சொன்னாள். 9,000 ரூபாய் போன், ஒன்பது தடவையும் ஊமையாக இருந்தது.

பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாவின் கதவைத் தட்டினாள். அந்தத் தாயி ஒரு தேய்ந்த பட்டன் போனை எடுத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்தது. விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

நல்லபடி முடிந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திராவிட்டால்? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஒரு தாள், இரண்டு வரி

மறுநாள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனோம். தங்கையும் கூட வந்தாள். கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போனைத் திறக்கவே இல்லை. அட்டைப்பெட்டியைப் புரட்டி மாடல் எண்ணைப் படித்தான். தன் போனில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினான். பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதினான்.

இந்தப் போன்: 2, 4, 5, 12, 13.

உங்கள் சிம்: 3, 5, 40.

என் தங்கை அப்போதுதான் எண் படிக்கப் பழகியிருந்தாள். பஸ் நம்பர் படித்துப் பழகியவள். தாளை வாங்கி விரலை வைத்துப் பார்த்தாள். "அஞ்சு மட்டும்தானே தம்பி ரெண்டுலயும் இருக்கு?" என்றாள்.

"அதேதான் அக்கா. மூணு கதவில் ஒரு கதவுதான் திறக்குது. அதனால்தான் கொஞ்சம் படம் வருது" என்றான் அந்தத் தம்பி.

"பேச்சு ஏன் வரலை?"

"அது இன்னொரு கோளாறு. அதையும் சொல்கிறேன்" என்றான்.

அவன் சொன்னதையும், பிறகு நான் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். மூன்று விஷயம். பூட்டு, எண், பேச்சு. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் போதும்.

முதல் விஷயம்: பூட்டு

பூட்டு என்றால் என்ன? அமெரிக்கா போன்ற நாடுகளில் போன் கம்பெனிகளே தவணை முறையில் போன் விற்கும். வாங்கியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் இருக்க, போனுக்குள் ஒரு தடை வைத்திருக்கும். அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் அதில் வேலை செய்யும். இதுதான் பூட்டு. இது கண்ணுக்குத் தெரியாத பூட்டு.

நம் நாட்டில் பெரும்பாலான போன்களில் இந்தப் பூட்டு இல்லை. ஆனால் மலிவான பட்டன் போன்கள் சில, ஒரே கம்பெனி சிம்முக்கு என்றே செய்யப்பட்டவை. வாங்கும்போது அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூட்டு இல்லாத போன் என்றால், எந்தக் கம்பெனி சிம்மையும் போன் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான் அர்த்தம். அந்தக் கம்பெனியின் டவர் அனுப்பும் அலை போனுக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அதற்காக வந்தவர் பேசும் பாஷை நமக்குப் புரிந்துவிடுமா?

இரண்டாவது விஷயம்: எண்

ரேடியோ கேட்டிருக்கிறீர்கள். மும்பையில் ஆகாசவாணியின் ரெயின்போ 107.1இல் வரும். ரேடியோவின் முள்ளை 107.1க்குக் கொண்டுபோனால் பாட்டு வரும்.

ஜப்பான் நாட்டில் எஃப்.எம். ரேடியோ பல காலமாக 76இல் இருந்து 90 வரைதான் இருந்தது. பிறகுதான் 95 வரை நீட்டினார்கள். நம் நாட்டில் 88இல் இருந்து 108 வரை. ஜப்பான்காரர் தன் ஊருக்காகச் செய்த பழைய ரேடியோவை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? முள் 90ஓடு நின்றுவிடும். 107.1க்குப் போகவே போகாது. ரேடியோ நல்ல ரேடியோதான். பாட்டும் காற்றில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டும் சந்திக்கவில்லை.

செல்போனும் ஒரு ரேடியோதான். டவரில் இருந்து அலை வருகிறது. அலை ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் அதன் அளவு. நொடிக்குப் பத்து லட்சம் தடவை அதிர்ந்தால் அதை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 180 கோடி அதிர்வு.

இந்த அலைகளைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வயலில் பாத்தி கட்டுவோமே, அது போல. இது ராணுவத்துக்கு, இது ரேடியோவுக்கு, இது செல்போனுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். செல்போனுக்கான ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் பேண்ட் என்கிறார்கள். தமிழில் அலைவரிசை என்று சொல்லலாம்.

எல்லா நாட்டுக்கும் ஒரே பாத்தி ஏன் இல்லை? ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலை காலியாக இருந்ததோ, அதைச் செல்போனுக்குக் கொடுத்தார்கள். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்கா ஒரு மண்டலம். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஒரு மண்டலம். நாம் ஆசிய மண்டலம். அதற்குள்ளும் ஒவ்வொரு அரசும் தனித்தனியாக முடிவு செய்கிறது. நம் நாட்டில் அரசு இந்த அலைகளை ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்த கம்பெனி அந்தப் பாத்தியில் பயிர் செய்கிறது.

நம் நாட்டுக்கு வேண்டிய எண்கள் எவை? எழுதிக்கொள்ளுங்கள்.

1 – இது 2100 மெகாஹெர்ட்ஸ்.
3 – இது 1800.
5 – இது 850.
8 – இது 900.
28 – இது 700.
40 – இது 2300.
41 – இது 2500.
78 – இது 3300க்கு மேல். இது 5ஜிக்கு உரியது.

மொத்தம் எட்டு எண். முதல் ஏழு எண்ணும் 4ஜிக்கு. 28ஆம் எண் 5ஜியிலும் உண்டு.

எட்டும் இருந்தால் நல்லது. எட்டும் இல்லாவிட்டாலும் உங்கள் சிம்முக்கு வேண்டியவை இருக்க வேண்டும். முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஜியோ: 3, 5, 40.
ஏர்டெல்: 1, 3, 8, 40.
வி: 1, 3, 8, 41.
பி.எஸ்.என்.எல்.: 1, 28.

இது மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். ஒரு மாநிலத்தில் இருக்கும் எண் இன்னொரு மாநிலத்தில் இல்லாமல் இருக்கலாம். வேலைக்காகப் பல ஊர் போகிறவர்கள் நிறைய எண்கள் உள்ள போனாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பி.எஸ்.என்.எல். வைத்திருப்பவர்கள் 28ஆம் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். சொந்த நாட்டுக் கருவிகளைக் கொண்டு அமைத்த அதன் 4ஜி சேவை 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பு வாங்கிய சில பழைய 4ஜி போன்களில் 28 இருக்காது.

5ஜி போன் வாங்குகிறவர்கள் 78 இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோ சிம் என்றால் 5ஜியிலும் 28 இருப்பது நல்லது.

முரசும் சலங்கையும்

ஒரு அம்மா இப்போது ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஒரே கம்பெனிக்கு எதற்கு மூணு நாலு எண்?" என்று.

கோயில் கொடையில் முரசு அடிக்கிறார்கள். அந்தச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். சலங்கைச் சத்தம் அப்படி வருமா? பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். முரசு தாழ்ந்த அதிர்வு. சலங்கை உயர்ந்த அதிர்வு.

அலையும் ஏறக்குறைய அப்படித்தான். 700, 850, 900 எல்லாம் தாழ்ந்த அதிர்வு. தூரம் போகும். சுவரைத் துளைக்கும். கிராமத்துக்கும் நெருக்கமான வீடுகளுக்கும் நல்லது. 2300, 2500, 3300 எல்லாம் உயர்ந்த அதிர்வு. தூரம் போகாது. ஆனால் அங்கே பாத்தி அகலம். ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு நிறைய விஷயம் கொண்டுவரும். படம் நிற்காமல் ஓடும்.

அதனால் கம்பெனிகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. எங்கள் தங்கை போனில் 5 மட்டும் பொருந்தியது. 3உம் 40உம் இல்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் படம் வந்தது. சாயங்காலம் எல்லாரும் போனைத் திறந்தால், அந்த ஒரு குழாயில் ஊரே தண்ணீர் பிடித்தது. இவள் குடத்துக்குச் சொட்டுச் சொட்டாக வந்தது.

இப்படிப் பாதி வேலை செய்கிற போன்தான் ஆபத்தானது. அடியோடு வேலை செய்யாவிட்டால் அன்றே திருப்பிக் கொடுத்திருப்போம். பாதி வேலை செய்ததால் டவரைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தோம்.

மூன்றாவது விஷயம்: பேச்சு

இனிப் பேச்சுக்கு வருகிறேன். முன்பு 2ஜி, 3ஜி காலத்தில் பேச்சுக்குத் தனி வழி இருந்தது. 4ஜியில் அப்படித் தனி வழி இல்லை. படம் போகும் வழியிலேயே பேச்சும் போக வேண்டும். இதற்கு வோல்ட்இ என்று பெயர்.

ஜியோ 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சேவை தொடங்கியது. அதற்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. அதனால் வோல்ட்இ இல்லாத போனில் ஜியோ சிம்மைப் போட்டால், சாதாரணமாக நம்பர் போட்டுப் பேச முடியாது. படம் மட்டும் வரும்.

வேறு சில கம்பெனிகளுக்கு 2ஜி இருக்கிறது. அங்கே வோல்ட்இ இல்லாத போன் 2ஜிக்கு இறங்கிப் பேசும். பேச்சு முடியும்வரை படம் நின்றுவிடும். 2ஜி அலை இல்லாத இடத்தில் அங்கேயும் பேச்சு போகாது.

இன்னொன்றும் உண்டு. போனில் வோல்ட்இ வசதி இருந்தால் மட்டும் போதாது. நம் நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்யும்படி, போன் செய்தவர்கள் அதற்குள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த போனில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஏற்பாடு இருக்கும். நம் கம்பெனிக்கு இல்லாமல் போகலாம். என் தங்கை போனில் நடந்தது இதுதான்.

கடைசியில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்த்தோம். பேச்சு வந்தது. படம் ஆமையாக ஊர்ந்தது. ஒன்று வந்தால் ஒன்று இல்லை. 9,000 ரூபாய்க்கு வாங்கியதை 3,500 ரூபாய்க்கு விற்றோம். மீதி 5,500 ரூபாயை நான் கொடுத்தேன். தங்கை வேண்டாம் என்றாள். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

பட்டன் போன் வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போனாக இருக்க வேண்டும்.

பெயரை நம்பாதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

ஒரே பெயரில் ஒரு போன் பல நாட்டில் விற்கும். வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். உள்ளே அலைவரிசை வேறாக இருக்கும். ஒரே பெயர் கொண்ட இரண்டு பிள்ளைகளை இனிஷியலை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறோம். போனுக்கு இனிஷியல் மாதிரி இருப்பது மாடல் எண்.

சாம்சங் போன்களில் மாடல் எண்ணின் கடைசியில் யு1 என்று முடிந்தால், அது அமெரிக்காவில் பூட்டு இல்லாமல் விற்பதற்காகச் செய்தது என்று அர்த்தம். இந்தியாவில் விற்கும் அதே பெயர் போனின் மாடல் எண் வேறு மாதிரி முடியும்.

ஐபோனில் இன்னொரு சங்கதி. 2022ஆம் ஆண்டு வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் துளையே கிடையாது. அட்டை இல்லாத மின் சிம் மட்டும்தான். துளை எங்கே என்று வீட்டுக்கு வந்து தேடிப் பயன் இல்லை.

மாடல் எண் எங்கே இருக்கும்? அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பெட்டி இல்லையா? போனுக்குள் செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே போனைப் பற்றி என்ற இடத்தில் இருக்கும். அந்த எண்ணைப் போன் செய்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுத் தேடினால் அலைவரிசைப் பட்டியல் வரும். தேடத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள். பட்டியலில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். கவலை வேண்டாம். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். 3 என்றால் 3. 40 என்றால் 40. நீங்கள் எழுதி வைத்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

பேண்ட் எண்ணுக்கு முன்னால் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் 4ஜி. என் என்ற எழுத்து இருந்தால் 5ஜி.

கடையில் செய்ய வேண்டியது

பயந்துவிடாதீர்கள். இந்தியாவில் விற்பதற்காகச் செய்த புதுப் போனைப் பெயர் பெற்ற கடையில் பில்லோடு வாங்கினால், வழக்கமாக இந்தத் தொல்லை வராது. வெளிநாட்டில் இருந்து வந்த போன், கைமாறி வரும் போன், எங்கிருந்தோ தபாலில் வரும் போன் – இந்த மூன்றில்தான் கவனம் வேண்டும். அப்போது இப்படிச் செய்யுங்கள்.

1. உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் சிம்மில் காட்டுவதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

2. சிம்மைப் போட்டதும் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். வைஃபையில் எந்தப் போனிலும் பாட்டு ஓடும்.

3. வாட்ஸ்அப்பில் பேசிப் பார்ப்பது போதாது. நம்பரைப் போட்டுக் கூப்பிடுங்கள். பிறகு அவர்களை உங்களுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். போகவும் வேண்டும், வரவும் வேண்டும்.

4. பேசிக்கொண்டு இருக்கும்போது திரையின் மேலே பாருங்கள். 4 அல்லது 5 என்ற எண் அப்படியே நின்றால் வோல்ட்இ போன்ற புதிய முறையில் பேச்சு போகிறது என்று கொள்ளலாம். சில போன்களில் இந்த எண்ணுக்குப் பதில் எல்டிஇ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதுவும் 4ஜிதான்.

5. கடைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பாருங்கள். முடிந்தால் உங்கள் வீட்டில் ஒருநாள் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் சந்தில் எந்தப் பாத்தியின் அலை வருகிறது என்பது உங்கள் வீட்டில்தான் தெரியும்.

6. மாடல் எண்ணை எழுதி எட்டு எண்களோடு ஒப்பிடுங்கள்.

7. நட்சத்திரம், சதுரக்கட்டம், 06, மறுபடி சதுரக்கட்டம் அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். அதுதான் போனின் அடையாள எண். ஐ.எம்.இ.ஐ. என்பார்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, இந்த 15 எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதில் வரும். தடை செய்யப்பட்ட போன் என்றோ, ஏற்கெனவே வேறு போனில் இருக்கும் எண் என்றோ வந்தால் அந்தப் போனைத் தொடாதீர்கள்.

14422 தரும் பதில் போன் திருட்டுப் போனா, போலியா என்பதைச் சொல்லும். அலைவரிசை பொருந்துமா என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

8. பில் கேளுங்கள். பில்லில் மாடல் எண்ணும் 15 இலக்க எண்ணும் எழுதச் சொல்லுங்கள். "என் சிம்மில் பேச்சும் படமும் வராவிட்டால் திருப்பி எடுக்கப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது. வெளிநாட்டுப் போனுக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்றும் கேளுங்கள்.

கடைக்காரர் ஏமாற்றினால் சும்மா இருக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. அதைக் கூப்பிட்டுச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது. ஆனால் புகாருக்குக் கையில் பில் வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும். அதற்குத்தானே இங்கே வந்து எழுத்துப் படிக்கிறீர்கள்?

முடிவாக ஒரு வார்த்தை

நான் 31 வருடம் தொலைபேசியோடு இருந்தவன். நான்தான் ஏமாந்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் காரணம். தெரியாது என்று சொல்லி ஒரு கேள்வி அதிகம் கேட்டிருந்தால், அந்த மழை இரவில் என் தங்கை அப்படித் தவித்திருக்க மாட்டாள்.

என் தங்கை இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? அந்தத் தம்பி எழுதிக் கொடுத்த தாளை இன்னும் சுருக்குப் பையில் வைத்திருக்கிறாள். கீழே மற்ற எண்களையும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறாள். எங்கள் சந்தில் யார் போன் வாங்கப் போனாலும் முதலில் அவளிடம் வருகிறார்கள். போன மாதம் மராட்டிக்காரத் தாயிக்கு ஒரு போன் வாங்கக் கூடப் போனாள். முதல் போன் வேண்டாம் என்றாள். இரண்டாவது போனில் எண்ணைப் பார்த்தாள். சிம்மைப் போட்டாள். கடையில் நின்றுகொண்டே எனக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கேக்குதா?"

"நல்லாக் கேக்குதும்மா" என்றேன்.

"அப்ப வாங்கிரலாம்" என்றாள்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் இந்த எட்டு எண்ணையும் எழுதுங்கள். 1, 3, 5, 8, 28, 40, 41, 78. உங்கள் கையாலேயே எழுதுங்கள். உங்கள் சிம்முக்கு வேண்டிய எண்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பர்சில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி எழுதிக் கொடுங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. பூட்டு இல்லாத போன் என்றால் என்ன? அது மட்டும் போதுமா?

2. நீங்கள் எந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கிறீர்கள்? அதற்கு வேண்டிய எண்கள் எவை?

3. படம் வருகிறது, பேச்சு வரவில்லை. என்ன காரணமாக இருக்கலாம்?

4. உங்கள் போனின் 15 இலக்க எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். போன் தொலைந்தால் புகார் எழுத உதவும்.